நிரந்தர ஸ்லைடுகள்: பார்த்து வாங்குவதும் பழுதில்லாமல் காப்பதும்

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்துக்கு ஸ்லைடு பெட்டி வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கொள்முதல் பட்டியலில் "நிரந்தர ஸ்லைடு, 100 எண்ணம்" என்று ஒரு வரி இருக்கும். குறைந்த விலை போட்டவர் அனுப்பி வைப்பார். பெட்டி நேராக பீரோவுக்குள் போகும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் வெளியே எடுத்தால், பாதி ஸ்லைடுகளில் பார்ப்பதற்கு உருப்படியாக எதுவும் இருக்காது. பிள்ளைகள் லேபிளைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு போய் ஸ்பாட்டருக்கு விடை எழுதுவார்கள். ஒரு செல்லைக்கூட உண்மையில் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இந்த அத்தியாயம் முதலில் சொல்லிவிடுகிறது: நூறு ஸ்லைடுக்கு ஒதுக்கிய பணத்தில் இருபது வாங்குங்கள். அந்த இருபதையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் கையால் வெட்டிப் பார்க்க முடிந்ததை விலைக்கு வாங்காதீர்கள்.

இன்று கல்லூரிகளுக்கும் இது முக்கியம். தவளையையும் கரப்பானையும் மேசையில் அறுத்துப் படித்த காலம் முடிந்துவிட்டது. விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி யுஜிசி 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2014-இல் அதை அறவே நிறுத்தச் சொன்னது. அது சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு விலங்கியல் மாணவர் ஓர் உறுப்பின் உண்மையான திசுவை நேருக்கு நேர் பார்க்கும் வழிகளில் முதன்மையானது நிரந்தர ஸ்லைடுதான். அது மங்கலாக இருந்தால் படிப்பும் மங்கலாகத்தான் இருக்கும்.

எதை வாங்குவது, எதை நீங்களே வெட்டுவது

தாவர வெட்டுகளில் பெரும்பகுதியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மதுரையைச் சுற்றி ஓடும் நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாக அரளி நிற்கிறது. அதன் இலைத்துண்டைக் கேரட்டின் பிளவுக்குள் செருகுங்கள். புது பிளேடால் குறுக்காகச் சீவி, மெல்லிய சீவலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சஃப்ரனினில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பாருங்கள். வறண்ட நிலத் தாவரத்தின் கட்டமைப்பு அப்படியே தெரியும். மேல்தோல் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்காக இருக்கும். அடிப்புறத்தில் குழிகள் இருக்கும். குழிக்குள் மயிர்களின் நடுவே இலைத்துளைகள் பதுங்கியிருக்கும். அரளி நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் கையையும் பிளேடையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இதற்கு நேர் எதிரான அமைப்பைப் பார்க்க, கண்மாய்களிலும் வைகையில் தண்ணீர் தேங்கும் ஓரங்களிலும் கிடக்கும் ஆகாயத்தாமரையின் காம்பு போதும். பெரிய பெரிய காற்றறைகள் கைவெட்டிலேயே அழகாக வரும். இருவித்திலைத் தண்டுக்குச் சாலையோர வெட்டுக்காயப்பூண்டு இருக்கிறது. ஒருவித்திலைத் தண்டுக்கு, பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில் விளையும் மக்காச்சோளத்தின் இளந்தண்டு இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் அசோலா வளர்ப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் ஒரு கைப்பிடி வாங்கி வாருங்கள். இலையை ஸ்லைடில் வைத்து மெல்ல நசுக்கினால் உள்ளே குடியிருக்கும் அனபீனா சங்கிலி சங்கிலியாக வெளியே வரும். இதில் எதையும் கடைப் பெட்டியில் தேட வேண்டாம். பிள்ளைகள் தாங்களே வெட்டியதைப் பார்க்கும்போது காட்டும் ஆர்வத்தை எந்தக் கடை ஸ்லைடும் எழுப்பியதில்லை.

பணம் போக வேண்டிய இடம் விலங்குத் திசு. கல்லீரல், சிறுநீரகம், சிறுகுடல், இதயத்தசை போன்றவற்றைக் கையால் வெட்ட முடியாது. திசுவைப் பதப்படுத்தி, நீர் நீக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் 5 அல்லது 6 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். நம் சிவப்பணு ஒன்றின் விட்டமே ஏறத்தாழ 7 மைக்ரான். அதைவிட மெல்லிய சீவல் இது. கல்லீரல் செல்லின் அகலம் இதைப் போல மூன்று நான்கு மடங்கு என்பதால், வெட்டு சில செல்களின் உட்கருவைத் தொடாமலே போய்விடும். "சார், இந்தச் செல்லுக்கு உட்கருவே இல்லையே" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பாடநூல் படத்தில் எல்லாச் செல்லுக்கும் உட்கரு இருக்கும். நிஜத் திசுவில் அப்படி வராது.

எலும்பு இதற்கு விலக்கு. உலர்ந்த எலும்பை மெல்லியதாகத் தேய்த்தே ஸ்லைடு செய்வார்கள், பெரும்பாலும் சாயம் இருக்காது. நிறமில்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கும் முன் உங்களிடம் உள்ள மைக்ராஸ்கோப்பையும் நினைத்துப் பாருங்கள். பல பள்ளிகளில் 40 மடங்கு லென்ஸோடு சரி. கண்ணருகு லென்ஸின் 10 மடங்கையும் சேர்த்தால் 400 மடங்கு கிடைக்கும். மலேரியா ஒட்டுண்ணியைத் தெளிவாகப் பார்க்க 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் வேண்டும். அது இல்லாத ஆய்வகத்தில் பிளாஸ்மோடியம் ஸ்லைடு வாங்குவது வீண், பாக்டீரியா ஸ்லைடும் அப்படித்தான். அந்தக் காசுக்கு யானைக்கால் நோயின் மைக்ரோஃபைலேரியா ஸ்லைடு வாங்குங்கள். கால் மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள புழு அது. 10 மடங்கு லென்ஸிலேயே கண்ணில் பட்டுவிடும்; 40-க்குப் போனால் உடல் முழுக்க உட்கருக்கள் வரிசையாக நிற்பதும் வால்நுனி மட்டும் வெறுமையாக இருப்பதும் தெரியும். யானைக்கால் புழுவான உச்சரேரியா பான்கிராஃப்டியை அடையாளம் காண அந்த வெறும் வால்நுனியைத்தான் பார்ப்பார்கள்.

கடையில்

அறிவியல் கருவிகளில் பெரும்பங்கு ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகிறது. மதுரைக் கடைகளில் கிடைக்கும் ஸ்லைடுகளிலும் வடக்கிலிருந்து வருபவை உண்டு. எங்கிருந்து வந்தால் என்ன, கடையில் மைக்ராஸ்கோப் விற்பார்கள். "அண்ணே, பெட்டியப் பிரிச்சு ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துட்டு எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். தபாலில் வரவழைத்தால், உடைந்ததையும் தெரியாததையும் மாற்றித் தர ஒப்புக்கொள்வதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வெறுங்கண் சோதனை. ஸ்லைடை விளிம்புகளில் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். 75-க்கு 25 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடியின் நடுவே கவர் ஸ்லிப் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் அடியில் பசை விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். ஓரங்களில் வெள்ளி போல மின்னும் திட்டுகள் தெரிந்தால் பசை காய்ந்து உள்வாங்கி, காற்று நுழையத் தொடங்கிவிட்டது. அந்த ஸ்லைடு அதிக நாள் தாங்காது. குமிழி ஓரத்தில் இருந்தால் விட்டுவிடலாம், திசுவின் மேல் இருந்தால் வேண்டாம். பிறகு சாய்த்து, வெளிச்சம் படுக்கையாக விழும்படி பாருங்கள். கவர் ஸ்லிப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் இந்தக் கோணத்தில்தான் பிடிபடும்.

அடுத்தது மைக்ராஸ்கோப். குறைந்த உருப்பெருக்கத்தில் வெட்டு முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். திசு மடிந்திருந்தால் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். மைக்ரோடோம் கத்தியில் பல்லு விழுந்திருந்தால், சீப்பால் வாரியது போல நேர்கோடுகள் திசுவின் குறுக்கே ஓடும். ஓரமாக ஒரு மடிப்பு, ஒரு கோடு இருப்பதை நான் பொருட்படுத்த மாட்டேன். மைக்ரோடோம் வெட்டில் அவ்வளவுகூட வராமல் இருப்பது அபூர்வம். நீங்கள் காட்ட வேண்டிய பகுதியில் அவை வந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு 40-க்கு மாற்றுங்கள். உட்கருவின் விளிம்பு கூர்மையாக வருகிறதா என்று நுண்திருகை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு திருப்பியும் பனிமூட்டம் விலகவில்லை என்றால், வெட்டு தடிமனாக இருக்கலாம், அல்லது கவர் ஸ்லிப் தடிமனாக இருக்கலாம்.

இந்தக் கவர் ஸ்லிப் விஷயத்தை வாங்குபவர்கள் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். உங்கள் 40 மடங்கு லென்ஸின் உடலில் 160/0.17 என்று பொறித்திருக்கும். குழலின் நீளம் 160 மில்லிமீட்டர், கவர் ஸ்லிப்பின் கனம் 0.17 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு அந்த லென்ஸ் செய்யப்பட்டிருக்கிறது என்பது பொருள். கடையில் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண் போட்ட கவர் ஸ்லிப்கள் கிடைக்கும். 0.17-ஐ ஒட்டியது ஒன்றரை. இரண்டாம் எண் தடிமன். பெரிய உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டிய ஸ்லைடுக்கு இரண்டாம் எண் போட்டிருந்தால், எவ்வளவு நல்ல வெட்டானாலும் கூர்மை வராது.

சாயத்தையும் பாருங்கள். தாவர வெட்டில் சஃப்ரனின் மரக்கட்டைத் தன்மையுள்ள சைலத்தைச் சிவப்பாக்கும், ஃபாஸ்ட் கிரீன் செல்லுலோஸ் சுவர்களைப் பச்சையாக்கும். இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும். விலங்குத் திசுவில் ஹிமாடாக்சிலின் உட்கருவுக்கு நீல ஊதா தரும், இயோசின் மற்ற பகுதிகளுக்கு இளஞ்சிவப்புத் தரும். முழுக்க ஒரே ஊதாவாகவோ ஒரே ரோஜாவாகவோ இருந்தால் சாயம் போட்டவர் அவசரப்பட்டிருக்கிறார். கண்ணைப் பறிக்கும் அழுத்தமான நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறம் அதிகமானால் நுணுக்கம் மூழ்கிப்போகும்.

கடைசியாக லேபிள். உயிரியின் பெயர், உறுப்பு, வெட்டின் திசை, சாயம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். டி.எஸ். என்றால் குறுக்குவெட்டு, எல்.எஸ். என்றால் நீள்வெட்டு, டபிள்யூ.எம். என்றால் வெட்டாமல் முழுதாக வைத்தது. "பாலூட்டி, சிறுநீரகம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பாலூட்டி என்று கேளுங்கள்.

பசையும் மதுரை வெயிலும்

திசுவையும் கவர் ஸ்லிப்பையும் பிடித்து வைத்திருக்கும் பசை மூன்று வகையில் வரும். பழைய ஸ்லைடுகளில் கனடா பால்சம் என்ற ஃபர் மரப்பிசின் இருக்கும். அது வயதாக ஆக மஞ்சளாகும். ஆனாலும் பத்திரமாக வைத்தால் தலைமுறை தாண்டும். இப்போது பெரும்பாலும் வருவது 1939-இல் அறிமுகமான டி.பி.எக்ஸ். என்ற செயற்கைப் பசை. மஞ்சளாகாது, சீக்கிரம் காயும், நம் ஊருக்கு ஏற்றது. மூன்றாவது கிளிசரின் ஜெல்லி. சிறு பூச்சிகள், மகரந்தம், பாசிகள் போன்றவற்றை முழுதாக வைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கிளிசரின் ஜெல்லியில்தான் கவனம் வேண்டும். அதில் இருப்பது ஜெலட்டின், சூட்டில் இளகும். சித்திரை வைகாசியில் மதுரையில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட ஆய்வகத்தில், வெயிலில் நிறுத்திய காருக்குள், பைக்கின் பக்கப் பெட்டிக்குள் அதைவிட ஏறும். அந்தச் சூட்டில் ஜெல்லி இளகி, கவர் ஸ்லிப் நகர்ந்து, உள்ளே இருந்த கொசுவின் வாயுறுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கோடை விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக் கிடக்கும்போது இது நடப்பதால் ஜூனில்தான் தெரியவரும். கிளிசரின் ஜெல்லி ஸ்லைடுகளை விடுமுறைக்கு முன் தனியே எடுத்து, கீழ்த்தளத்தில் வெயில் படாத சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கவர் ஸ்லிப்பைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே பூசலாம். ஈரத்துணியால் இவற்றைத் துடைக்கவே கூடாது.

மைக்ராஸ்கோப் மேடையில்

ஸ்லைடுகள் அதிகம் உடைவது தலைகீழாக வைப்பதால். ஸ்லைடின் கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம். 40 மடங்கு லென்ஸ் திசுவிலிருந்து அரை மில்லிமீட்டர் சொச்சம் தூரத்துக்கு வந்தால்தான் தெளிவு கிடைக்கும். கவர் ஸ்லிப் கீழே போய்விட்டால் அந்தத் தூரத்துக்கு லென்ஸ் வரவே முடியாது. 10-இல் நன்றாகத் தெரிந்தது 40-இல் தெரியவில்லையே என்று மாணவர் திருகிக்கொண்டே போவார், "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஆகவே 10-இல் தெரிந்து 40-இல் தெரியாத ஸ்லைடைத் திருகக் கூடாது, எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே பழக்குங்கள். மேல்பக்கம் எது என்பதை நகத்தால் லேசாகத் தடவினாலே கவர் ஸ்லிப்பின் விளிம்பு சொல்லிவிடும்.

ஆயில் இம்மர்ஷன் பயன்படுத்திய ஸ்லைடை அன்றைக்கே துடைத்து வையுங்கள். முதலில் உலர்ந்த லென்ஸ் தாளால் ஒரே திசையில் எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும். பிசுபிசுப்பு மிஞ்சினால் தாளின் நுனியில் ஒரு சொட்டு சைலீன் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பால்சமும் டி.பி.எக்ஸும் சைலீனில்தான் கரைகின்றன. ஸ்லைடின் மேல் ஊற்றினால் ஓரப்பசை கரைந்து ஓடும். வேட்டி நுனி, கைக்குட்டை, சட்டைக் கை எதுவும் ஆகாது. நம் ஊர்ப் புழுதியில் மணல் துகள் கலந்திருக்கிறது, அது கவர் ஸ்லிப்பைக் கீறும்.

ரத்தப் பூச்சு ஸ்லைடுகள்

இவற்றுக்குத் தனிப் பத்தி தேவைப்படுகிறது, ஏனென்றால் பலவற்றில் கவர் ஸ்லிப்பே இருக்காது. திறந்த பூச்சை 40-இல் பார்த்தால் மசமசவென்றுதான் தெரியும். லென்ஸ் எதிர்பார்க்கும் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடி அங்கே இல்லை. ஒரு சொட்டு இம்மர்ஷன் ஆயில் விட்டு, மேலே ஒரு கவர் ஸ்லிப்பை வைத்துவிட்டால் அதே ஸ்லைடு பளிச்சென்று தெளியும்.

மதுரையில் செயல்பட்ட ஐசிஎம்ஆரின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் யானைக்கால் நோய், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது. மைக்ரோஃபைலேரியா இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் யானைக்கால் நோய்க்கான பூச்சை இரவு பத்து மணிக்குப் பிறகு எடுப்பது வழக்கம். களத்தில் அப்படிப் பூச்சு எடுத்தவர்களைக் கேட்டால் முதலில் எறும்பைத்தான் சொல்வார்கள். காயப் போட்ட ரத்தப் பூச்சை எறும்பும் ஈயும் கரப்பானும் தின்றுவிடும். காலையில் பார்த்தால் பூச்சின் நடுவே கண்ணாடி தெரியும்படி வட்ட வட்டமாக அரித்திருக்கும். ஆகவே நீங்களே ரத்தப் பூச்சு செய்தால் மூடிய டப்பாவுக்குள் காயவிடுங்கள். மெல்லிய பூச்சை மெத்தனாலில் நிலைப்படுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாயம் போடும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை உள்ளது. லீஷ்மன் சாயத்தை அதில் கரைத்தால் சிவப்பணுக்கள்கூட நீலம் பாரித்துப் போகும். காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த, 6.8 முதல் 7.2 வரை பிஹெச் உள்ள தாங்கல் கரைசல் வேண்டும். கடையில் ரத்தப் பூச்சு வாங்கும்போதும் இதே அளவுகோல்தான்: சிவப்பணு இளஞ்சிவப்பாகவும், வெள்ளையணுவின் உட்கரு ஊதாவாகவும் இருக்க வேண்டும்.

பெட்டியும் பீரோவும்

ஸ்லைடு படுக்கையாக இருக்க வேண்டும், கவர் ஸ்லிப் மேல்பக்கம் பார்க்க வேண்டும். காடிகள் வெட்டிய பெட்டியை நாம் தட்டையாக மேசையில் வைக்கிறோம். அப்படி வைத்தால் உள்ளே ஸ்லைடுகள் விளிம்பில் நிற்கும், இன்னும் முழுதாக இறுகாத பசை மெல்ல ஒரு பக்கம் இறங்கும். பெட்டியை அதன் குறுகிய பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஸ்லைடுகள் தாமாகப் படுத்துக்கொள்ளும். புத்தகம் போல வரிசையாக அடுக்கி, முதுகில் எண் எழுதினால் தேடவும் எளிது.

சாயத்துக்கு வெளிச்சம் பகை. இயோசின் வெகு சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலோரம் காட்சிக்கு வைத்த ஸ்லைடில் சில மாதங்களில் இளஞ்சிவப்புப் போய் நீலம் மட்டும் மிஞ்சும். மூடிய பீரோவே நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் அதே பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைத் தட்டுக்குத் தட்டு போட்டு, நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடுங்கள். பேப்பர் லேபிளின் பசையை ராமபாணப் பூச்சி அரிக்கும், மழைக்காலத்தில் லேபிள் தானாகவும் உரியும். வாங்கிய அன்றே வைர முனைப் பேனாவால் கண்ணாடியின் ஓரத்தில் ஓர் எண்ணைக் கீறி, அதே எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். என்ன உயிரி, என்ன வெட்டு, என்ன சாயம், எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, நல்ல பகுதி ஸ்லைடின் எந்த மூலையில் இருக்கிறது என்பவை பதிவேட்டில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை எழுதி வைத்தவர்களுக்குத் தேர்வு நாளில் ஸ்பாட்டர் வைக்க அரை மணி நேரம் மிச்சம்.

கவர் ஸ்லிப் உடைந்தால்

திசு நன்றாக இருந்து கவர் ஸ்லிப் மட்டும் உடைந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பால்சம், டி.பி.எக்ஸ். ஸ்லைடுகளைச் சரிசெய்யலாம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் சைலீன் ஊற்றி ஸ்லைடை நிற்கவையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்போ ஸ்பிரிட் விளக்கோ எரியக் கூடாது. புது ஸ்லைடு ஒரே இரவில் இளகும். பழைய ஸ்லைடுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். கவர் ஸ்லிப்பை நெம்பாதீர்கள், நெம்பினால் திசுவும் கூடவே வந்துவிடும். ஜாடிக்குள் சாய்த்தால் தானாக வழுக்கி விழும் வரை பொறுத்திருங்கள். பிறகு புது சைலீனில் ஒருமுறை அலசி, திசு காய்வதற்குள் ஒரு சொட்டு டி.பி.எக்ஸ். வைத்து, ஒன்றரை எண் கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பைத் தொடவைத்துச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். தட்டையான தட்டில் புழுதி படாமல் மூடி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். தீர்ந்த சைலீனைத் தொட்டியில் கொட்டாமல் தனி பாட்டிலில் சேர்த்து, ரசாயனக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். ஆய்வக உதவியாளர் கையால் அள்ளும் குப்பைக்கூடையில் அவற்றைப் போடாதீர்கள்.